யாருடைய வைத்தியர்?

தனியார் வைத்தியரிடம் போவதா, அரசாங்க வைத்தியரிடம் போவதா என்னும் கேள்வி நமது படித்த நடுத்தர வர்க்கத்தாரிடையே ஓயாது பேசப்படும் ஒன்று. ஒரு சாரார், காசு கொடுத்தாற்றான் கவனிப்பு என்பர். மறுசாரார், இலவச வைத்தியம் மக்கள் பெற்ற உரிமை, அதை விட்டுத் தனியாரிடம் ஓடுவது அந்த உரிமையைக் குழிதோண்டிப் புதைப்பதாகும் என்பர். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நம்மிற் பலர் பகலில் இரண்டாம் கட்சியைப் பேசிவிட்டு, மாலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் முதலாம் கட்சியாரின் வரிசையிற் போய் நிற்பதும் உண்டு. கேலி செய்வதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர்களை அந்த வரிசையில் நிறுத்துவது எது என்று நாவலாசிரியர்கள் கேட்டிருக்கிறார்களா, கேட்டிருந்தால் எவ்வளவு தூரம் கேட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதே நமது நோக்கம். அதற்கு உரைகல்லாகக் குருவிட்டவை எடுத்துக்கொள்கிறோம்.

குருவிட்டவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவில், இரத்தினபுரிக்குச் சற்று முன்னால் அமைந்த சிறு பட்டினம் அது. குரு கங்கை அதனருகே ஓடுகிறது. எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் நீண்ட பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒருபுறம் மாணிக்கக் குழிகள், மறுபுறம் வயல்கள், மேட்டு நிலங்களில் இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும். நுவரெலியாவைப் போன்று கண்ணுக்கெட்டிய தூரம் தோட்டமே விரிந்த பிரதேசமன்று இது. சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஆகவே இங்குள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பட்டினம் எட்டாத தூரத்தில் இல்லை. வைத்தியம் என்றால் மூன்று வாசல்கள் அவருக்குத் தெரியும்: தோட்டத்து டிஸ்பென்சரி, அரசாங்க ஆஸ்பத்திரி, கடைத்தெருவிலுள்ள தனியார் டாக்டரின் அறை. தெரிவு என்னும் சொல்லுக்கு உண்மையிற் பொருளிருக்குமானால் அது இங்கே இருக்க வேண்டும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம்.

வைத்தியத்தையும் பணத்தையும் சேர்த்து வைத்து ஈவிரக்கமின்றி விசாரித்தவர் பெர்னாட் ஷா. 'டாக்டரின் தர்மசங்கடம்' என்று தமிழில் நாம் சொல்லக்கூடிய அவரது நாடகம் 1906இல் மேடையேறியது. 1911இல் அதற்கு அவர் எழுதிச் சேர்த்த முன்னுரை நாடகத்தைவிடப் பெரும் புகழ் பெற்றது. அவருடைய வாதம் எளியது. ஒருவன் நோயுற்றிருப்பதனால் இன்னொருவன் வருமானம் பெறும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, அந்த இன்னொருவனிடமே 'இவனுக்கு இன்னும் சிகிச்சை வேண்டுமா' என்று கேட்கும் சமூகம் அறிவுள்ள சமூகமாகாது. வைத்தியர் நல்லவராயினும் தீயவராயினும் இந்த வாதம் நிற்கும். குற்றம் மனிதரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. ஆயினும் ஷா கண்ட நோயாளிகள் பெரும்பாலும் இலண்டனின் வசதி படைத்தவர்கள். கட்டணம் செலுத்த இயலாதவன் அவரது நாடகத்தில் ஒரு பிரச்சினையாக வருகிறானேயன்றி, அவனது ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது அங்கே வருவதில்லை.

அந்த ஒரு நாளுக்குச் சற்று அருகே சென்ற நாவல்கள் இரண்டு, ஒரே ஆண்டில், 1937இல் வெளிவந்தன. ஒன்று ஏ. ஜே. குரோனின் எழுதிய 'தி சிட்டடல்'. மற்றது முல்க் ராஜ் ஆனந்தின் 'இரண்டு இலைகளும் ஒரு மொட்டும்'. முன்னது வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் தொடங்குவது. பின்னது அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நடப்பது. இரண்டிலும் ஓர் இளம் வைத்தியர், இரண்டிலும் உழைப்பாளிகள், இரண்டிலும் அழுக்குத் தண்ணீரால் வரும் நோய். ஆனால் இவ்விரு வைத்தியரும் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று பார்த்தால் இரு நாவல்களும் இரு வேறு உலகங்களாகி விடுகின்றன.

குரோனின் தாமே வைத்தியர். 1920களின் தொடக்கத்தில் ட்ரெடேகர் என்னும் சுரங்க நகரில் பணி புரிந்தவர். அந்நகரத் தொழிலாளர் தம் கூலியில் ஒரு பங்கைப் போட்டு நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தை அவர் உள்ளிருந்து அறிந்தவர். நாவலில் வரும் அபரலா நகரத்துச் சங்கம் அதன் சாயலே. அங்கே ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஓர் அட்டை உண்டு. தாம் விரும்பும் வைத்தியரிடம் அதைக் கொடுத்துவிட்டால் அவரே அக்குடும்பத்து வைத்தியர். பிடிக்காவிட்டால் அட்டையைத் திரும்பப் பெறலாம். கேட்பதற்கு எத்துணை அழகிய ஏற்பாடு! குரோனின் அதன் கறையையும் மறைக்கவில்லை. உடல்நலத்தோடு இருப்பவனுக்கு நோய்ச் சான்றிதழ் எழுத மறுக்கும் கதாநாயகன் மான்சன் அட்டைகளை இழக்கிறான். நோயாளியே எசமானாகும்போதும் வைத்தியருக்கு ஓர் அச்சம் உண்டென்பதை நாவல் ஒப்புக்கொள்கிறது. அரசாங்க வைத்திய அதிகாரியையும் அது விட்டுவைக்கவில்லை. நச்சுக்காய்ச்சலைப் பரப்பும் கழிவுநீர்க் குழாயைச் சீர்ப்படுத்த வேண்டியவர் அசையாதிருக்க, மான்சனும் நண்பன் டென்னியும் இரவோடிரவாக அதை வெடி வைத்துத் தகர்த்து விடுகிறார்கள். பிற்பகுதியில் இலண்டன் சென்று பணக்கார நோயாளிகளுக்கு அவசியமற்ற ஊசி போட்டுக் காசு சேர்க்கும் மான்சன் ஷாவின் முன்னுரைக்கு உயிருள்ள உதாரணமாகிறான்.

இந்நாவல் பிரித்தானியப் பொதுமக்கள் மனத்தைத் தேசிய சுகாதார சேவைக்குப் பண்படுத்தியது என்பர். அச்சேவை 1948 ஜூலை 5ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதனை நிறுவிய அமைச்சர் அனுரின் பெவன் அதே ட்ரெடேகரில் பிறந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. பெவன் குடும்ப வைத்தியர்களை அரசாங்க உத்தியோகத்தராக்கவில்லை. அவர்கள் தனிமனிதராகவே இருந்தனர். ஆனால் நோயாளி தம் மேசையில் ஒரு சதமும் வைக்க வேண்டியிராத வகையில், தம்மிடம் பதிவு செய்துகொண்ட தலைக்கு இவ்வளவு என்று பொதுப்பணத்திலிருந்து ஊதியம் பெற்றனர். தனியாரா அரசாங்கமா என்று கேட்போர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கேள்வியே முழுமையற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முல்க் ராஜ் ஆனந்தின் டாக்டர் டி லா ஹாவ்ரே நிலை வேறு. அவர் நல்லவர், படித்தவர், தொழிலாளர் பக்கம் நிற்பவர். காலரா வந்தபின் மருந்து கொடுப்பதைவிட நல்ல தண்ணீர் கொடுப்பதே வைத்தியம் என்று அறிந்தவர். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். தோட்டத் துரைமார் மனம் வைத்தால் அவர் வைத்தியர், இல்லையேல் வேலையிழந்த வெள்ளைக்காரர். நாவலில் நடப்பதும் அதுவே. தொழிலாளர் சார்பில் பேசியதும் அவர் வெளியேற்றப்படுகிறார். இந்நாவலின் கலைக்குறைகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். டாக்டருடைய காதலும் நீண்ட தனிமொழிகளும் கங்கு என்னும் தொழிலாளியைப் பல இடங்களில் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. எனினும் ஓர் உண்மையை ஆனந்த் திட்டவட்டமாகக் கண்டார். எசமானின் வைத்தியர் தனியார் வைத்தியருமல்லர், பொது வைத்தியருமல்லர். அவர் மூன்றாவது வகை. நோயாளியை மீண்டும் வேலைக்கு அனுப்புவதே அவரிடம் எதிர்பார்க்கப்படும் பணி.

தமிழ் வாசகருக்கு இன்னும் அண்மையான நாவல் பி. எச். டேனியலின் 'ரெட் டீ'. 1969இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர், தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏமாற்றி அழைத்து வரப்படும் கருப்பனும் வள்ளியும் நோயில் விழும்போது, அவர்களின் உயிர் வைத்தியமறியாத கம்பவுண்டரின் கையில் இருக்கிறது. பின்னர் வரும் டாக்டர் ஆபிரகாம் நேர்மையாளர். 2013இல் இக்கதையைத் தழுவி வந்த 'பரதேசி' திரைப்படம் அந்த நேர்மையாளரை மருந்தோடு மதத்தையும் சேர்த்து வழங்கிப் பாட்டும் கூத்துமாகத் திரிபவராக மாற்றிவிட்டது. ஒரு கதாபாத்திரத்துக்கு இழைத்த அநீதி என்பதோடு இதை முடித்துவிட முடியாது. தோட்டத்து வைத்தியத்தின் பிரச்சினை சம்பளமும் அதிகாரமும் பற்றியது என்பதை மறைத்து, அது தனிமனிதரின் சபலம் பற்றியது என்று காட்டிவிட்ட பிழை அது.

இம்மூன்று நாவல்களிலும் பொதுவான ஒன்று இருக்கிறது. மையத்தில் வைத்தியரின் மனச்சாட்சி நிற்கிறது. அவர் விலைபோவாரா, நிலைப்பாரா? நோயாளி அந்த நாடகத்தின் பார்வையாளர். 'எந்த வாசலுக்குப் போவது' என்று கணக்குப் பார்க்கும் தாயை எவரும் எழுதவில்லை. அந்தக் கணக்கு எத்தகையது என்பதைக் குருவிட்டத் தோட்டங்களை வைத்துப் பார்ப்போம்.

முதலில் டிஸ்பென்சரியின் வரலாறு. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், கோப்பி மாவட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. 1912இல் அது விரிந்து தோட்டங்கள் அனைத்துக்குமான மருத்துவத் தேவைகள் சட்டமாயிற்று. கருணையால் விளைந்த சட்டங்களல்ல இவை. கூலிகள் சாகும் தொகை இந்திய அரசாங்கத்தின் கண்ணில் பட்டால் ஆள் வருவது நின்றுவிடும் என்ற அச்சமும் அவற்றில் உண்டு. அன்று தொடங்கி இலங்கையில் இரண்டு வைத்திய அமைப்புகள் வளர்ந்தன. கிராமத்துக்கு அரசாங்கம், தோட்டத்துக்குத் தோட்டம்.

1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் இத்தீவில் எண்பதினாயிரம் பேர் வரை பலி கொண்டபோது சப்பிரகமுவாவின் கேகாலைப் பகுதி மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றனர். கலாநிதி என். எம். பெரேராவின் அரசியல் வாழ்வு ருவன்வெல்லையில் வேரூன்றியது அப்போதுதான். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அந்தப் பணியில் முன்னின்றவர். அக்கொள்ளைநோயும் சர்வசன வாக்குரிமையும் சேர்ந்தே பின்னாளில் நாடெங்கும் ஆஸ்பத்திரிகளைக் கட்டுவித்தன. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிந்தது.

ஆனால் இந்த ஆண்டைச் சற்றுக் கவனியுங்கள். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்து அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து இலவச வைத்தியம் நாட்டின் உரிமையாயிற்று. வாக்கற்றவனுக்காக ஆஸ்பத்திரி கட்டுவார் யார்? அவன் டிஸ்பென்சரியோடு நின்றான். 1970களில் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் பணியோ ஓரளவு நடந்து, பெரும்பகுதி நின்றுபோய்க் கிடக்கிறது. டிஸ்பென்சரியில் இருப்பவர் இன்றும் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கும் தோட்ட வைத்திய உதவியாளரே. மக்கள் அவரை 'டாக்டரய்யா' என்பர். அவரிற் பலர் இரவில் லயத்துக்கு வந்து பிரசவத்துக்கு வண்டி பிடித்துக் கொடுத்த நல்லவர்கள். ஆனால் காலையில் ஒரு பெண் இடுப்பு வலி என்று வந்து நிற்கும்போது, இன்று கொழுந்தெடுக்க ஆள் போதாது என்பதையும் அவர் அறிந்திருக்கிறார். ஆனந்தின் டாக்டர் நின்ற இடம் அதுவே.

அடுத்தது அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே கட்டணமில்லை. சிக்கலான நோயென்றால் இரத்தினபுரி போதனா வைத்தியசாலை வரை ஒரு சதமின்றிப் போகலாம். இதன் பெறுமதியை நாம் குறைத்துப் பேச மாட்டோம். இந்நாட்டில் வாட்டில் படுத்துச் சிகிச்சை பெறுவோரிற் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே படுக்கின்றனர். ஆனால் வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையில் போக வேண்டும். அதே காலையில்தான் பெரட்டும் கூடுகிறது. ஒரு காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போனால் அன்றைய பேர் விழாது. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இழக்கும் அந்த நாட்கூலியோடு பஸ் காசையும் கூட்டிக்கொள்ளுங்கள். 'இலவச' வைத்தியத்தின் விலை அதுதான். மாலையில், பேர் விழுந்த பின், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கடைத்தெரு டாக்டரிடம் சென்றால் அவரது கட்டணமும் மூன்று நாள் மருந்தும் ஆயிரத்தைத் தாண்டாத வரையில் அதுவே இலாபம். எனவே ஏழைத் தொழிலாளி காசு கொடுத்துத் தனியாரிடம் போகிறாள். நமது நண்பர்கள் இதனைத் தனியார் மோகம் என்கிறார்கள். அவள் செய்தது கூட்டல் கழித்தல் மட்டுமே.

இன்னொன்று. மாலையில் அந்த அறையில் அமர்ந்திருப்பவர் பல ஊர்களிற் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் அமர்ந்திருந்தவரே. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி ஆட்சியில் அரசாங்க வைத்தியர்கள் தனியாகத் தொழில் செய்வது தடுக்கப்பட்டது. 1977க்குப் பின் அனுமதி திரும்பியது. ஆகவே தெரிவு இரண்டு மனிதருக்கிடையிலன்று, ஒரே மனிதரின் இரண்டு நேரங்களுக்கிடையில். காலையில் இரண்டு நிமிடம், மாலையில் பத்து நிமிடம். அந்த எட்டு நிமிடத்தைத்தான் காசு வாங்குகிறது. வெளிநோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தனியாரிடம் செல்லும் நாடாக இலங்கை மாறியதன் இரகசியம் இதில் இருக்கிறது.

இடதுசாரிகளும் தம் பங்கைப் பரிசீலிக்க வேண்டும். அதே ஐக்கிய முன்னணி ஆட்சி, மலேரியாக் காலத்தில் பருப்புச் சுமந்த என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது, 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதக் கட்டணம் விதித்தது. தொகை சிறிது. ஆனால் வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அது கைவிடப்பட்டது. அதே காலத்தில்தான் பேராசிரியர் சேனக பிபிலே அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, பிராண்டுப் பெயர்களின் பிடியிலிருந்து மருந்தை மீட்கப் போராடினார். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்த காலம் அது. தடை விதிப்பதிலும் கட்டணம் பற்றிக் கணக்கிடுவதிலும் காட்டிய அக்கறையை, ஆஸ்பத்திரி வாசல் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதில் எவரும் காட்டவில்லை.

மொழி பற்றியும் சொல்லியாக வேண்டும். வைத்தியரின் முதற்கருவி காது. 'நெஞ்சுக்குள்ள படபடன்னு வருது, கை கால் ஓஞ்சு போகுது' என்று லயத்துப் பெண் சொல்வதை முறிந்த சிங்களத்தில் மாற்றினால் அது வேறு நோயாகிவிடும். 1987ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆட்சிமொழியாகியும் அது மருந்துச் சீட்டு வரை இறங்கி வரவில்லை. 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களை இம்மாவட்டத்துத் தோட்டங்கள் அனுபவித்தவை. அக்காலங்களில் இரவில் பட்டினத்துக்கு இறங்குவதே உயிராபத்து. இருந்தும் தமிழ் தெரிந்த, முகம் அறிந்த ஒரு சிங்கள டாக்டரைத் தேடி மக்கள் மீண்டும் மீண்டும் போனார்கள் என்றால், அவரிடம் அவர்கள் வாங்கியது மருந்தை மட்டுமன்று. பேர் தெரிந்த, போன மாதம் என்ன வந்தது என்று நினைவிருக்கும் ஒரு மனிதரை. குடும்ப வைத்தியர் என்பதன் பொருள் அதுதான். நமது இலவச சேவை இன்றுவரை கொடுக்கத் தவறியதும் அதைத்தான்.

இத்தவறு உயிரைக் குடிக்கக் கூடியது. இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சலுக்குப் பேர்போனது. வயலிலும் மாணிக்கக் குழியிலும் கால் நனைப்போருக்கு அது வரும். தோட்டத்து ஆண்கள் பலர் இறப்பர் வெட்டில்லாத நாட்களில் குழிக்குப் போகிறவர்கள். முதல் மூன்று நாள் அது சாதாரணக் காய்ச்சல் போலிருக்கும். கெண்டைக்கால் வலியை வேலைக் களைப்பென்று எண்ணுவர். பின்பு சிறுநீரகத்தைப் பிடித்துவிடும். முதல் நாள் டிஸ்பென்சரியில் பெனடோல், மூன்றாம் நாள் மாலையில் கடைத்தெருவில் பேரெழுதாத உறைகளில் நான்கு நிற மாத்திரைகள், ஐந்தாம் நாள் இரத்தினபுரி வாட்டு. மூன்று வாசலிலும் மூன்று பேர் அவனைப் பார்த்தார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவர் அறியார். ஷா சொன்ன இலாப நோக்கமோ, ஆனந்த் சொன்ன எசமான் அதிகாரமோ தனித்தனியே இவனைக் கொல்லவில்லை. வாசல்களுக்கிடையிலுள்ள வெளி கொன்றது. அந்த வெளியை எழுதிய நாவல் நாம் படித்தவற்றுள் இல்லை. மலையகப் புனைகதைகளில் டிஸ்பென்சரி பலமுறை வருகிறது. கடுகடுத்த கம்பவுண்டரும் வருகிறார். ஆனால் வைத்தியம் அங்கே கொடுமையின் இன்னொரு உதாரணமாக மட்டும் நின்றுவிடுகிறது.

2018இல் சுகாதார அமைச்சு முதனிலைப் பராமரிப்பைத் திருத்த முனைந்தபோது, ஒவ்வொரு ஊரவரையும் ஓர் அரசாங்க வைத்திய நிலையத்தோடு பதிவு செய்து இணைப்பதென்று கொள்கை வகுத்தது. ட்ரெடேகர் சுரங்கத் தொழிலாளியின் அட்டையைச் சற்றே நினைவூட்டும் யோசனை. நல்லதே. ஆயினும் பதிவேட்டைத் திறக்குமுன் மூன்று விடயங்கள் தீர வேண்டும். அந்நிலையம் மாலை ஆறு, ஏழு மணி வரை திறந்திருக்குமா? லயத்து முகவரியும் அதில் ஒரு முகவரியாகக் கொள்ளப்படுமா? டிஸ்பென்சரியில் இருப்பவர் தோட்டத்தின் சம்பளப் பட்டியலிலிருந்து அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலுக்கு மாறுவாரா? ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கூலியுயர்வுக் கோரிக்கையின் பக்கத்தில் இம்மூன்றையும் எழுத வேண்டிய காலம் இது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்து, வெளியில் வாங்கி வரும்படி துண்டு எழுதிக் கொடுத்த 2022ஆம் ஆண்டை நாம் பார்த்துவிட்டோம். அந்தத் துண்டோடு லயத்துக்குத் திரும்பியவர்களுக்குத் தெரிவு பற்றிப் பிரசங்கம் செய்ய எவருக்கும் வாய் வராது.

இப்போது சில கிளினிக்குகளுக்குப் போகும் நோயாளர் கையில் ஒரு கொப்பி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரணக் கொப்பிதான். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வைத்தியர் எழுதுவதெல்லாம் அதில். ஆஸ்பத்திரி அதை வைத்துக்கொள்வதில்லை, நோயாளியே வைத்திருக்க வேண்டும். கடைத்தெரு டாக்டர் அதைத் திறந்து பார்ப்பதுமுண்டு, பார்க்காததுமுண்டு. மூன்று வாசல்களுக்கும் சென்று வரும் ஒரே சாட்சி அது. மழைக்காலத்தில் கூரைத் தகரம் ஒழுகும் லயங்களில், கிழவிகள் அதைப் பொலித்தீன் பையிற் சுற்றி அரிசி டின்னுக்குள் வைக்கிறார்கள்.